பழங்கடிகாரமும் பாடவேறுபாடும்

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை வாசகர் பலர் அறிந்திருப்பர். கோட்டக்குப்பத்திலிருந்து மிதிவண்டியிலேயே போய்விடலாம். பழைய நூல்கள் தேடிப் போவது நம் வழக்கம். போன இடத்தில் கைக்கடிகாரங்கள் பரப்பியிருக்கும் பக்கம் கால் திரும்புவதும் சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அண்மையில் அங்கே நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரைக் கண்டோம். இணைய ஏலமொன்றில் வென்றதாக மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். எச்எம்டி பைலட். மயில்கழுத்து நிறத்தில் டயல், அதன்மேல் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எண்கள், கீறலே காணாத கண்ணாடி. "நாற்பது வருஷத்துப் பழசு ஐயா, பார்த்தால் சொல்ல முடியுமா?" என்றார். சொல்ல முடியாதுதான். அந்த நாற்பது ஆண்டில் ஒரு நாளாவது அதன் முகத்தில் தென்பட்டால் அல்லவா சொல்வதற்கு!

அவரைக் கடிந்து பயனில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழங்கடிகாரம் சேர்க்கப் புகுவோர்க்கு இன்று எத்திசையிலிருந்தும் வரும் அறிவுரை இரண்டே வாக்கியங்களில் அடங்கும். ஒன்று, பளிச்சென்று இருப்பதைப் பார்த்து வாங்கு என்பது. மற்றொன்று, பழைய கடிகாரம் தங்கத்துக்குச் சமம், ஏலத்தில் எடுத்துப் பெட்டியில் வைத்தால் விலை தானே ஏறும் என்பது. இரண்டும் பொய். இப்பொய்கள் புதியவர்தம் பணத்தைத் தின்பதோடு நில்லாமல், இந்தக் கடற்கரையின் சிறியதொரு வரலாற்றையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கின்றன என்பது நம் கட்சி.

சேகரிப்போர் உலகில் 'மும்பைக் கடிகாரம்' என்றொரு பெயர் வழங்குகிறது. நாம் பெருமை கொள்ளத்தக்க பெயர் அன்று. செத்துப்போன பல கடிகாரங்களிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டு ஒன்றைக் கட்டி, கேஸைத் தேய்த்து மெருகேற்றி, பழைய டயலைச் சுரண்டிக் கழுவிப் புதுச்சாயம் பூசி, அதன்மேல் நிறுவனத்தின் பெயரை மறுபடி அச்சிட்டு, எங்கும் கிடைக்கும் புது முட்களையும் சாவிக் குமிழையும் பொருத்தினால் மும்பைக் கடிகாரம் பிறந்துவிடும். இதனை மும்பையில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எந்த ஊரிலும் செய்யலாம், செய்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் பெறாத பண்டம், 'அறுபதுகளின் அரிய கடிகாரம்' என்ற பட்டத்தோடு ஏலப்பட்டியலில் ஏறிக் கடல் கடக்கிறது.

இவ்வகையில் மிகுதியும் சீரழிந்தது எச்எம்டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் எழுந்த ஆலையின் முதற்கடிகாரங்களை 1961இல் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், ஜவான், சோனா, காஞ்சன் என்று இல்லந்தோறும் நுழைந்த பெயர்கள் அவை. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் என்றால் எச்எம்டி என்றிருந்த காலம் நம் இளமையில் கண்டது. பிறகு மின்கல இயக்கம் வந்தது. டாடாவும் நம் மாநிலத்துத் தொழில்வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து சந்தையைப் பிடித்தது. எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 சனவரியில் ஒப்புதல் அளித்தது. மூடிய பிறகுதான் வந்தது பாருங்கள் பாசம்! இருந்தபோது ஒருவரும் சீந்தாத பைலட்டுக்கு இன்று ஏலத்தில் அடிதடி. தேவை பெருகியதும் உற்பத்தி பெருகியது. ஆலையில் அன்று, சாயப்பட்டறையில். நாமறிந்த பைலட்டின் இயல்பான முகம் கருப்பு. இன்று அது வானவில்லின் ஏழு நிறத்திலும் கிடைக்கிறது, எட்டாவது நிறமும் விரைவில் வரும்.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் நமக்கு இது புதிய செய்தி அன்று. இதற்கு நம் துறையில் இடைச்செருகல் என்று பெயர். ஏடெழுதியவன் தனக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றினான். சிதைந்த அடியைத் தன் கவித்துவத்தால் நிரப்பினான். படிக்க இனிமையாகத்தான் இருந்தது. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் என்ன செய்தார்? பல ஏடுகளை ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், ஏடு சிதைந்த இடத்தில் சிதைவைச் சிதைவாகவே காட்டினார். புறநானூற்றில் இன்றும் புள்ளிகளாக நிற்கும் அடிகள் உண்டல்லவா? அப்புள்ளிகளை யாரேனும் ஒரு நல்ல கவிஞரைக் கொண்டு நிரப்பிப் 'புதுப்பொலிவுடன்' வெளியிட்டால் நம் அன்பர்கள் வாளாவிருப்பார்களா? கோயிற்சுவரில் மணல்வீச்சு நடத்திக் கல்வெட்டெழுத்துகளைத் தேய்த்தபோது எத்தனை பேர் கொதித்தெழுந்தார்கள்! அதே அன்பர்களுள் ஒருவர் நம்மிடம் வந்து, பாட்டனார் விட்டுச்சென்ற கடிகாரத்துக்கு டயல் மாற்றிப் புதுசாக்கிவிட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார். கல் சுவருக்கு ஒரு நீதி, பித்தளைத் தகட்டுக்கு ஒரு நீதியா?

இத்தனையும் பேசும் நாம் கரைகண்டவர் அல்லோம். நம் முதல் ஏலத்தைச் சொல்லியாக வேண்டும். ஃபேவர் லூபா சீ சீஃப், நீலடயல். விற்றவர் பெயரோ ஊரோ இங்கு வேண்டா. படத்தில் அது ஒளிர்ந்த ஒளியில் அறிவு மங்கியது. ஏலம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் நம் விலையை எவரோ கடந்தார். நாம் அவரைக் கடந்தோம். அவர் மறுபடி கடந்தார். முகமறியா அந்த மனிதரை வென்றே தீர்வது என்ற வீரத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை போனோம். வந்து சேர்ந்ததைக் கோட்டக்குப்பத்தில் நாம் வாடிக்கையாகச் செல்லும் கடிகாரம் பழுதுபார்க்கும் பாயிடம் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினோம். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பின்மூடியைக் கழற்றினார். ஒரு நொடி. பிறகு, "சார், டயலு பொறந்து ஆறு மாசம்கூட ஆகல. உள்ள மிஷினு அம்பது வருசத்துக் கெழம். அதுவும் வேற குடும்பம். ரெண்டுக்கும் நிக்காஹ் பண்ணி வச்சிருக்கான்" என்றார். இயந்திரம் கேஸுக்குச் சிறியதாக இருந்தமையால் சுற்றிலும் ஒரு பித்தளை வளையம் கொடுத்து இடைவெளியை நிரப்பியிருந்தார்கள். அவ்வளையத்தையும் நாம் காசு கொடுத்தே வாங்கியிருந்தோம்.

அன்றிலிருந்து அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். புதியவர்க்கு நாம் சொல்லும் முதல் அறிவுரையும் இதுவே. ஏலத்துக்குப் போகுமுன் ஒரு பழுதுபார்ப்பவரைத் தேடுங்கள். அவர் பெஞ்சில் ஆறு மாதம் உட்காருங்கள். எந்த ஏலப்பட்டியலும் சொல்லாததை ஒரு திறந்த பின்மூடி சொல்லும்.

டயலைப் படிப்பது ஏட்டைப் படிப்பது போன்றதே. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும். ஆலையில் அச்சான எழுத்து ஓரம் கூர்மையாக, மெல்லிய மேடாக நிற்கும். பட்டறை எழுத்து தடித்து, ஓரத்தில் மை கசிந்து கிடக்கும். நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் உள்ளனவா, பன்னிரண்டும் ஆறும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்விஸ் கடிகாரமாயின் ஆறின் கீழே விளிம்பையொட்டி அந்நாட்டின் பெயர் பொடியெழுத்தில் இருப்பது பெரும்பான்மை வழக்கு. சாயம் பூசுவோர் பலர் அதை மறந்துவிடுவர், அல்லது பாதியைக் கண்ணாடி வளையத்துக்கு அடியில் புதைத்துவிடுவர். அதே மாதிரியின் கைபடாத டயலின் படத்தைத் தேடி எடுத்து, எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். இதுதான் பாடம் ஓதுதல். ஒரே மாதிரிக்கு ஐந்து படங்களேனும் கண்ட பின்னரே இது மூலபாடம் என்ற துணிவு வரும்.

முட்களை எவரும் பார்ப்பதில்லை. நிமிடமுள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். பாதி வழியில் நின்றால் அது வேறு வீட்டுப் பிள்ளை. டயலில் ஒளிப்பூச்சு பழுத்து மஞ்சளாகியிருக்க, முட்களில் மட்டும் பால்வெள்ளையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. கேஸின் விளிம்புகள் கூர்மையிழந்து சோப்புக்கட்டிபோல வழுவழுத்திருந்தால் பலமுறை மெருகுச்சக்கரம் ஏறிய கேஸ். அதன் உலோகம் தூளாகப் போய்விட்டது, திரும்பி வாராது. பின்மூடியின் எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் அந்த மாதிரிக்கு உரியனவா என்பது அடுத்த கேள்வி. சுவிட்சர்லாந்தின் லாஞ்சின் நிறுவனம் தன் பழைய பேரேடுகளைக் காத்து வைத்திருக்கிறது. வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டால் எந்த ஆண்டு எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்று தேடிச் சொல்வார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடைவிரித்திருந்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் வழியாக இந்தியா வந்தவையும் அவற்றுள் உண்டு. கையெழுத்துப் பேரேடு ஒன்று நூறாண்டு கழித்தும் சான்று சொல்வதைக் காணும்போது தமிழாசிரியர்க்கு எழும் பொறாமை தனி.

இக்கடற்கரையில் வாழ்வோர் உப்பை மறக்கலாகாது. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர். அன்றுதொட்டு இக்காற்றில் உப்புதான். சாவிக் குமிழின் தண்டு வழியாகவே ஈரம் முதலில் நுழையும். எனவே பின்மூடியைத் திறந்ததும் தண்டு செருகும் இடத்தைப் பாருங்கள். துரு தொடங்குவது அங்கே. செம்புள்ளி ஒன்றிரண்டானால் துடைக்கலாம். எஃகுப் பற்களையே தின்றிருந்தால், உறுப்பு கிடைக்கும்வரை அது கடிகாரம் அன்று, காகிதம் பறவாமல் வைக்கும் எடை. அறுபதுகளின் டயலில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பதை நம்பிக் கடலில் இறங்குவோரும் நம்மிடையே உளர். அச்சொல் அச்சான நாளில் உண்மையாக இருந்திருக்கலாம். உள்ளிருந்த ரப்பர் வளையம் இறந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது பாவம். இருட்டில் ஒளிர வேண்டி 1960கள் வரை கடிகாரங்களில் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். 1920களில் அமெரிக்க ஆலைகளில் அதைத் தூரிகையால் தீட்டிய பெண்கள், நுனியை உதட்டில் கூராக்கியதால் தாடையெலும்பு அழுகி மாண்ட வரலாறு உலகறிந்தது. அப்பூச்சு இன்று ஒளிர்வதில்லை. ஆதலால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். மங்கியது அதனோடு கலந்த ஒளிரும் வேதிப்பொருள் மட்டுமே. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டு ஆகும். கட்டிக்கொள்வதைவிடத் திறப்பதில்தான் பெருந்தீங்கு: உதிர்ந்த தூளை மூச்சில் இழுத்தல் கூடாது. இப்போது எண்ணிப் பாருங்கள். எவ்விதக் காப்பும் இன்றி அந்த டயலைச் சுரண்டுகிற பட்டறைச் சிறுவன் எதை மூச்சாக இழுக்கிறான்? நம் பளபளப்பு மோகத்தின் விலையில் அவன் பங்கும் உண்டு.

நிற்க. கடிகாரத்தைப் பற்றி இவ்வளவு. ஏலத்தைப் பற்றிச் சொல்வோம்.

உமணர் உப்பை நெல்லுக்கு மாற்றிய காலத்தில் உப்பும் நெல்லும் இருவர் கண்முன்னும் இருந்தன. ஏலத்தில் பண்டம் ஓரிடம், நாம் ஓரிடம். நடுவே நிற்பது ஒரு படமும் நான்கு வரி வருணனையும். அந்த நான்கு வரியைச் சட்ட நூல்போலப் படிக்க வேண்டும். 'இருக்கும் நிலையில் விற்கப்படும்' என்றால் பின்னர் முறையிட இடமில்லை என்பது பொருள். 'ஓடுகிறது' என்றால் படம் எடுத்தபோது ஓடியது என்பது பொருள். டயலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிடில் அதுவே பெரிய சொல். நிலையறிக்கை கேளுங்கள், பின்மூடி திறந்த படம் கேளுங்கள், டயல் மறுபூச்சா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறுங்கள். விடை தாராதவரிடம் எத்துணை அழகிய கடிகாரம் இருப்பினும் அவரோடே இருக்கட்டும்.

கணக்கிலும் புதியவர் ஏமாறுகிறார். சுத்தியல் விழும் விலை வாங்குவிலை ஆகாது. பெரிய ஏலநிறுவனங்கள் அதற்குமேல் நான்கில் ஒரு பங்கையொட்டி வாங்குவோரிடம் தரகு பெறுகின்றன. தரகின்மேல் வரி, அயல்நாடாயின் சுங்கத்தீர்வை, அனுப்புசெலவு, காப்பீடு, வந்தபின் பழுதுபார்க்கும் கூலி. நாற்பதாயிரத்துக்கு வென்றதாக மகிழ்ந்தவர் அறுபதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டில் நாற்பதாயிரம் என்றே சொல்வார். மேல்வரம்பை ஏலத்துக்கு முன்னாளே, எல்லாச் செலவும் உட்பட, தாளில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிடுங்கள். நம் வீட்டில் இதனை நடைமுறைப்படுத்திய பின் நாம் வென்ற ஏலங்கள் மிகக் குறைவு; இழந்த பணம் அதனினும் குறைவு.

"சிறு வியாபாரிகள் ஏமாற்றலாம், உலகப்புகழ் பெற்ற ஏலநிறுவனங்கள் சோதித்துத்தானே விற்கும்?" என்று நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். அவர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னோம். 2007 ஏப்ரலில் ஜெனீவாவில் ஆண்டிகோரம் நிறுவனம் ஒமேகா கடிகாரங்களுக்கென்றே ஓர் ஏலம் நடத்தியது. 1950களின் பிளாட்டினக் கடிகாரம் ஒன்று 3,51,000 டாலருக்குப் போயிற்று. பழைய ஒமேகாவின் மதிப்பு விண்ணைத் தொட்டதாக வியந்தார்கள். அதை வாங்கியது ஒமேகா நிறுவனமே என்பதை அவ்வாண்டு அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. தன் பண்டத்தின் விலையைத் தானே கேட்டு உயர்த்தினால், அவ்விலையைச் சந்தையின் தீர்ப்பு என்று எவ்வாறு கொள்வது?

மற்றது இன்னும் சுவையானது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது. கருப்பு டயல் காலத்தால் பழுத்துப் பழுப்பாகியிருந்தது. அந்தப் பழுப்புக்குத்தான் மயங்கினர். ஒரு லட்சம் ஃபிராங்கை ஒட்டி மதிப்பிட்டிருந்த கடிகாரம் 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் போயிற்று. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023இல் அந்நிறுவனமே உண்மையை வெளியிட்டது: பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டிக் கட்டிய பண்டம் அது; தன் முன்னாள் ஊழியர் மூவர் இதற்கு உடந்தை என்றும் அறிவித்தது. செய்த நிறுவனத்தின் அருங்காட்சியகமே தன் கடிகாரத்தை இனம் காணாமல் ஏமாறும் உலகில், ஏலப்பட்டியலின் வழவழத்தாளை வேதவாக்காகக் கொள்ளும் அன்பரை என்னென்பது! பளபளப்பை மட்டுமன்றிப் பழுப்பையும் செய்துவிடுகிறார்கள் என்பதை இங்கே கருத வேண்டும். நாம் பழுப்பைப் புகழ்வதைக் கேட்டுத் தேநீரில் ஊறிய டயல்களை வாங்கி வந்துவிடாதீர்கள்.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியதற்கு வருவோம்.

கடிகாரத்துக்கு விலை தருவது அதன் வரலாறு. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஆண்டிகோரம் ஏலத்தில் காந்தியடிகளின் ஜெனித் சட்டைப்பைக் கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் கிண்ணமும் தட்டும் ஒரே தொகுதியாக வந்தன. 20,000 முதல் 30,000 டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். அது வெள்ளிக் கூட்டுக்குக் கொடுத்த விலையா? வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய், 1954இல் ஜெனீவா மாநாடு நடந்த நாட்களில் அவ்வூரில் ஒரு ரோலெக்ஸ் வாங்கினார். அது 2002இல் ஏலத்தில் ஏறத்தாழ 2,35,000 டாலருக்குப் போயிற்று. 2017 மே மாதம் அதுவே மறுபடி ஏலத்துக்கு வந்து 50 லட்சம் டாலரைக் கடந்தது. அதன் கறுப்பு டயலில் எவரும் சாயம் பூசவில்லை.

பாவோ தாயின் நாட்டுக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால், கோட்டக்குப்பம் பகுதிகளிலிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போனோர் பலர். துணிக்கடை வைத்தார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், அரசு வேலை பார்த்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1975இல் சைகோன் வீழ்ந்ததும் பலர் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றோரும் இப்பக்கம் உண்டு. இவர்கள் மணிக்கட்டில் வந்த கடிகாரங்களைக் கோட்டக்குப்பத்து வீடுகள் சிலவற்றில் நாம் கண்டிருக்கிறோம். பெசன்சோன் நகரத்து லிப் ஒன்று அவற்றுள். 1973இல் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றித் தாங்களே கடிகாரம் செய்து விற்ற அதே லிப்தான். அது தெரிந்தபின் அதனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இன்னொரு கடிகாரத்தின் டயலில் சைகோன் கடையொன்றின் பெயர் பொடியெழுத்தில் இருந்தது. கடை இல்லை, தெருவின் பெயரும் மாறியிருக்கும், அந்த ஒருவரி மட்டும் அங்குத் தமிழர் ஒருவர் உழைத்துச் சம்பாதித்துக் கடிகாரம் வாங்கினார் என்பதற்குச் சான்றாக டயலில் மிஞ்சியிருந்தது.

மிஞ்சியிருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறோம். அடுத்த ஆண்டு அவ்வீட்டுக்குப் போனபோது பழைய சாமான் எடுப்பவர் ஒருவருக்கு எழுநூறு ரூபாய்க்கு அதைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். "ஓடல, கறுத்துப் போச்சு சார், அத வச்சு என்ன பண்றது?" என்றார் அந்த வீட்டு அம்மா. அவர்மேல் குற்றமில்லை. அது எங்கே போயிருக்கும் என்று நமக்குத் தெரியும். கறுத்ததைச் சுரண்டியிருப்பார்கள். சைகோன் கடையின் பெயர் சாய்க்கடையில் போயிருக்கும். நீலமோ பச்சையோ பூசிக்கொண்டு, 'அரிய பிரெஞ்சுக் கடிகாரம்' என்று ஏதோ ஓர் ஏலத்தில், புதியவர் ஒருவர் இரவு கண்விழித்து அதை வென்றிருப்பார். அவர் கொடுத்த பணத்துக்குரிய பொருள் அந்த ஒருவரிதான். அதனை அழித்துவிட்டுத்தான் அவருக்கு விற்றார்கள். பளபளப்பைக் கேட்டவர் அவர்; ஆகவே கொடுத்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அழகான கடிகாரம் கட்ட ஆசைப்படும் எளியவர் மறுபூச்சு டயலோடு கட்டினால் உமக்கென்ன நட்டம் என்பர். நியாயமே. எண்ணூறு ரூபாய்க்கு, டயல் புதியது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. சாயம் பூசுகிறவரும் கைத்தொழிலாளியே, அவர் அடுப்பும் எரிய வேண்டும். டயல் முற்றும் அழிந்து முள் எங்கே நிற்கிறதென்றே தெரியாத கடிகாரத்துக்கு வேறு கதியும் இல்லை. நாம் எதிர்ப்பது, சொல்லாமல் விற்பதை. அதனினும் மிகுதியாக எதிர்ப்பது, படிக்கத் தகும் நிலையில் இருந்த டயலை, விலை போக வேண்டும் என்பதற்காகவே அழிப்பதை. இதை வியாபாரி தானாக நிறுத்தமாட்டார். வாங்குவோர் கறை படிந்த டயலுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகவும் பளபளக்கும் டயலுக்கு ஆயிரம் குறைவாகவும் கேட்கத் தொடங்கினால் ஓராண்டில் நின்றுவிடும்.

ஆகவே சேகரிக்கத் தொடங்கும் அன்பர்களே, முதலாண்டு ஏலத்தில் கேட்காதீர்கள்; பாருங்கள். எந்தக் கடிகாரம் என்ன விலைக்கு முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கேட்டே ஆகவேண்டுமென்று கை ஊறினால், டயல் மாற்றாத எச்எம்டி ஜனதா ஒன்றை, அதன் முதல் உடைமையாளரிடமிருந்து நேரே வாங்குங்கள். எங்கே வாங்கியது, யார் பரிசளித்தது, எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி, அத்தாளை மடித்துக் கடிகாரத்தோடு வையுங்கள். இருந்தால் பழைய ரசீதையும். விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்குவோர் வங்கியில் போடலாம். அங்குத் துரு பிடிக்காது.

நம் மாணவரை அடுத்த வாரம் பாயின் கடைக்கு அழைத்துச் சென்றோம். அவர் மயில்கழுத்துப் பைலட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷினு நல்லாத்தான் இருக்கு தம்பி, போட்டுக்கோ. ஆனா பைலட்டுன்னு சொல்லிக்காத" என்று எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். டயல் மாற்றித் தரச்சொல்லி வருவோரிடம் அவர் கழற்றிய பழைய டயல்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் சிகரெட் தாளில் சுற்றி, மேலே உரியவர் பெயரும் தெருவும் எழுதியிருந்தது. கேட்டுவந்தால் கொடுப்பதற்காம். நாமறிய மூவர் வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். மாணவர் டப்பாவிலிருந்து கறை படிந்த கருப்புப் பைலட் டயல் ஒன்றை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்டார். "அது பெருமாள் கோயில் தெருக்காரரோடது" என்று பாய் அதைத் திரும்ப வாங்கித் தாளில் சுற்றினார்.